எட்டு உரை ஜாதிக்காய்

அந்தக் கல்லை நான்தான் வாங்கி அனுப்பினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கோயில் வாசல் கடையில் நானாகவே இரண்டு கல் வாங்கினேன். ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பழைய பட்டுத் துண்டில் சுற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தேன். பெரிய கொடைவள்ளல் என்று நினைப்பு! அன்றைக்கே யாராவது என் வாயில் இரண்டு போட்டிருந்தால் அந்தப் பங்குனி மாதச் சனிக்கிழமையை நான் பார்த்திருக்க வேண்டாம்.

என் பெயர் ஏலவார்குழலி. குடியிருப்பது பிள்ளையார்பாளையம். வீட்டுக்காரர் தறி நெய்தார். நான் டெலிபோன் எக்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் வெளியூர் டிரங்க் கால் போட்டுக் கொடுத்தேன். எக்சேஞ்சில் எங்களுக்கு ஒரே ஒரு வேதம்: லைனில் காதில் விழுந்தது வாய்க்கு வரக் கூடாது. நான் அதை ஒரு தடவைகூட மீறியதில்லை. அதற்காக ஒருத்தி பெரிய விலை கொடுத்தாள். அது யார் என்று பிறகு சொல்கிறேன்.

ரிட்டயர் ஆன பிறகு விரல் சும்மா இருக்குமா? மகன் வாங்கிப்போட்ட கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். தாம்பரத்தில் லில்லி என்று ஒரு கணக்கு டீச்சர், அவளும் ரிட்டயர் ஆனவள், இன்டர்நெட்டில் பாட்டிகளுக்கென்று ஒரு குரூப் ஆரம்பித்திருந்தாள். பதினாலு பேர். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்போம். இன்றைக்கு வத்தக்குழம்பு, முட்டிவலி தேவலை, பேரனுக்குப் பல் முளைத்து என் விரலைக் கடித்தான், மருமகள் பேசவில்லை, மருமகள் பேசிவிட்டாள். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் என் வீட்டுக்காரர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் பை தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகு, தினமும் காலையில் 'சாப்பிட்டியா குழலி' என்று ஒரு வரி வந்துகொண்டே இருந்தது. எழுதியவள் இந்திராணி. அரக்கோணத்துக்காரி. மகனோடு அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. ஆனாலும் கூடப் பிறந்தவள் மாதிரிதான்.

இரண்டாயிரத்து ஏழு தை மாதம் அவளுக்குப் பேரன் பிறந்தான். ஹர்ஷு. அந்தப் பிள்ளை ராப்பகலாக அழுதது. மருமகள் மானஸா தூக்கமில்லாமல் சுவரில் சாய்ந்து அழுகிறாள், டாக்டரோ தண்ணீர்கூடக் கொடுக்காதே என்கிறார் என்று இந்திராணி குரூப்பில் புலம்பினாள். பிறகு எனக்கு மட்டும் தனியாக எழுதினாள்: 'உன் பேரன் மட்டும் எப்படித் தூங்கறான்? நீ என்ன குடுக்கறே?'

எனக்குத் தலை கால் தெரியவில்லை. வசம்பைச் சுட்டு இரண்டு உரை, கடுக்காய் இரண்டு உரை, குளிப்பாட்டியதும் ஜாதிக்காய் எட்டு உரை என்று வரிசையாக அடித்து அனுப்பினேன். எங்கள் வீடுகளில் குழந்தை மருந்துக்குத் தராசு கிடையாது. காயைக் கல்லில் ஒரு தடவை தேய்த்தால் ஒரு உரை, அதுதான் அளவு. 'அங்கே கல்லுக்கு எங்கே போவேன்' என்றாள். லில்லியின் மகனும் அதே ஊர்ப் பக்கம் வேலையில் இருந்தான். மாசியில் லீவுக்கு வந்து திரும்பியவன் கையில் கல்லைக் கொடுத்தனுப்பினேன்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. 'கல் வந்தது. மானஸாவுக்குத் தெரியாது. நாளைக்குக் காலையில் எட்டரைக்கு மகனும் மருமகளும் கடைக்குப் போவார்கள். அப்போது குளிப்பாட்டிக் கொடுத்துவிடுவேன். உனக்கு மட்டும்தான் தெரியும், குழலி. யாரிடமும் சொல்லாதே.' நான் பதில் அடித்தேன்: 'எக்சேஞ்சுக்காரியிடம் சொன்னது கிணற்றில் போட்ட கல்.'

மறுநாள் சனிக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி. எதிர்வீட்டில் பெண் பிரசவத்துக்கு வந்திருந்ததால் எங்கள் மருந்துக் கல் அங்கே இரவல் போயிருந்தது. என் நாத்தனார் நீலாம்பாள் எங்களோடுதான் இருக்கிறாள். அவள் நான் வீட்டுக்கென்று வைத்திருந்த புதுக் கல்லை எடுத்துக் கழுவி, என் பேரனுக்கு ஜாதிக்காய் உரைக்க உட்கார்ந்தாள்.

"அண்ணி, இங்க வந்து பாரேன். இன்னா இது, ஒரு உரைக்கே சேறு மாதிரி வருது?"

போய்ப் பார்த்தேன்.

எங்கள் பழைய கல் என் மாமியாரின் மாமியார் காலத்தது. எத்தனையோ பிள்ளைகளுக்கு உரைத்து உரைத்து நடுவில் குழி விழுந்து கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. அதில் எட்டு உரை உரைத்தால்தான் சங்கில் இருக்கும் தாய்ப்பாலில் கொஞ்சம் நிறம் தட்டும். இந்தப் புதுக் கல்லில் உளி போட்ட சொரசொரப்பு அப்படியே இருந்தது. காய் பட்டதும் துருவியில் பட்ட தேங்காயாகக் கொட்டியது. எட்டு என்று சொன்னேனே, எந்தக் கல்லில் எட்டு என்று சொன்னேனா? பாவி, சொல்லவில்லை.

ஜாதிக்காய் மிஞ்சினால் பிள்ளை தூங்கிக்கொண்டே போய்விடும். இது பிள்ளையார்பாளையத்தில் பிள்ளை பெற்ற எவளுக்கும் தெரியும். எனக்கு ஒன்பது வயதில் எங்கள் தெருவில் அப்படி ஒரு குழந்தை போனது. தூங்குகிற மாதிரியே இருந்தது.

"நீலா, மணி என்ன?"

"நாலு முப்பத்தஞ்சு. ஏன் அண்ணி, மூஞ்சி இப்பிடி வெளுத்துப் போச்சி?"

அங்கே காலை ஏழு ஐந்து. எட்டரைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். 'கொடுக்காதே கொடுக்காதே ஜாதிக்காய் கொடுக்காதே' என்று மூன்று கடிதம் அனுப்பினேன். ஆனால் அவள் எப்போது கம்ப்யூட்டரைத் திறப்பாள்? வேலை எல்லாம் முடித்துப் பிள்ளை தூங்கிய பிறகுதான். அதற்குள் கொடுத்திருப்பாளே! அவளுடைய போன் நம்பர் என்னிடம் இல்லை. மகன்களுக்கு பில் ஏறும், நம்பர் கொடுத்துக்கொள்ளக் கூடாது என்று நாங்களே குரூப்பில் சட்டம் போட்டிருந்தோம். முப்பத்தோரு வருஷம் ஊரில் எல்லாருக்கும் லைன் போட்டுக் கொடுத்தவளுக்கு ஒரு நம்பர் இல்லை.

கல் கொடுத்தனுப்பிய வகையில் லில்லி நம்பர் மட்டும் இருந்தது. இன்டர்நெட்டும் போனும் எங்களுக்கு ஒரே லைன். அதைத் துண்டித்துவிட்டு லில்லிக்குப் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுநாள் குருத்தோலை ஞாயிறு, பாட்டுப் பயிற்சிக்குச் சர்ச்சுக்குப் போயிருப்பாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போட்டேன். நீலா பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவசரத்தில் நம்பர் இரண்டு தடவை தப்பிப்போனது.

ஆறேகாலுக்கு லில்லி எடுத்தாள்.

"லில்லி, உன் மகன் கல்லைக் குடுத்தானே, அந்த வீட்டு நம்பர் வேணும். இப்பவே."

"என்னம்மா ஆச்சி? இன்னிக்கி சனிக்கிழம, அவன் தூங்குவானே..."

"எழுப்புடி அவனை!"

கணக்கு டீச்சரை டி போட்டுப் பேசினேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆறே முக்காலுக்கு அவளே திரும்பக் கூப்பிட்டு இரண்டு நம்பர் சொன்னாள். ஒன்று இந்திராணி வீட்டு நம்பர், இன்னொன்று மானஸாவின் செல். "நான் ஜெபம் பண்ணிக்கினு இருக்கறேன் குழலி, நீ போ" என்றாள்.

எங்கள் வீட்டுப் போனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது. டெலிபோன் பூத்துக்குத்தான் போக வேண்டும். ஏகாம்பரநாதர் உற்சவம், சாமி புறப்பாட்டுக்கு ஜனம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. நீலா எனக்கு முன்னால் போய் முழங்கையால் இடித்து இடித்து வழி பண்ணினாள். "ஆசுபத்திரி கேசுபா, வழி உடுங்க" என்று கத்தினாள். பூத்துக்காரர் சின்னப்பையன், அறுபது வயதாகியும் பெயர் சின்னப்பையன்தான், என் முகத்தைப் பார்த்ததும் பேசிக்கொண்டிருந்த ஆளை வெளியே இழுத்துவிட்டு எனக்கு இடம் கொடுத்தார்.

மணி ஏழு. அங்கே ஒன்பதரை. நாலாவது தடவை மணி அடித்ததும் எடுத்தார்கள்.

"இந்திராணியா? நான் குழலி, காஞ்சிபுரம்."

"ஐயோ குழலி! உன் குரலு இப்பிடியா இருக்குது? சன்னமா இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்மா." ரகசியம் பேசுகிற மாதிரி மெல்லப் பேசினாள். அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

"குடுத்துட்டியா?"

"குடுத்தேன் குடுத்தேன். முக்கா மணி நேரம் ஆவுது. எப்பிடித் தூங்கறான் தெரியுமா? நீ மகராசியா இருக்கணும்."

"எத்தனை உரை?"

"எட்டு. நீ எழுதினபடியே. உன் கல்லுல அருமையா எழையுதே!"

"இந்திராணி, போயி எழுப்பு அவனை."

"ஏன்மா? இப்பத்தான்..."

"எழுப்புன்னா எழுப்பு!"

ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம், பிறகு நடை சத்தம் கேட்டது. 'கண்ணு, ஹர்ஷு, என் ராஜா' என்று தூரத்தில் கேட்டது. பிறகு கைதட்டல். பிறகு பாதத்தில் அடிக்கிற சத்தம். எனக்குப் பின்னால் தெருவில் மேளம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு இன்னொரு காதில் உயிரை வைத்துக்கொண்டு நின்றேன். ஏகாம்பரநாதா, அழச்சொல்லு, ஒரு தடவை அந்தப் பிள்ளையை அழச்சொல்லு.

"முழிக்கல குழலி." குரல் மாறியிருந்தது. "கையத் தூக்கினா தொப்புனு உழுது."

"மூச்சு?"

"இருக்குது. மெதுவா இருக்குது."

விஷயத்தைச் சொன்னேன். புதுக் கல், பழைய கல். அவளுக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு, இல்லையென்றால் மருமகளைக் கூப்பிடு என்றேன்.

"மாட்டேன்" என்றாள்.

"என்னடி சொல்றே?"

"மானஸா என் கையப் புடிச்சிக்கினு கேட்டா குழலி. 'அத்தை, டாக்டர் சொல்லாம எதுவும் குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க'ன்னு. சத்தியம் பண்ணேன். இது தெரிஞ்சா இனிமே புள்ளையத் தொடவே உடமாட்டா. கொஞ்ச நேரத்துல தானா முழிச்சிக்குவான். முழிச்சிக்குவான் இல்ல?"

"முழிக்க மாட்டான்!"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு எழுதினே நீ. சொல்லிடாத குழலி. உன் கால்ல உழறேன்."

வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

அடுத்த நம்பர் துண்டுச் சீட்டில் என் கையில் இருந்தது. அதைப் போடாமல் நின்றேன். பூத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீலா என் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். விலை கொடுத்தவள் ஒருத்தி என்றேனே, அவள்தான்.

எண்பத்து மூன்றில் நீலாவை ஒருவன் பெண் பார்த்துவிட்டுப் போனான். பிடித்திருக்கிறது, முகூர்த்தம் குறித்துவிடலாம் என்றான். மறுநாள் காலையில் அவனே எக்சேஞ்ச் கவுண்டருக்கு வந்து திருச்சிக்கு ஒரு கால் புக் பண்ணினான். லைன் போட்டவள் நான்; அவன் என்னைக் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் பேசுகிறார்களா என்று தெரிந்துகொள்ள ஒரு நொடி காதில் வைப்போம். "பையனுக்குக் காய்ச்சல் உட்டுதா? நான் வர ஒரு வாரம் ஆவும்னு உங்க அம்மாகிட்ட சொல்லு" என்றான். அந்தப் பக்கம் ஒரு பெண், "அவன் அப்பா அப்பான்னு அழுவறான்" என்றாள். அவனுக்கு ஏற்கெனவே பெண்டாட்டி பிள்ளை இருப்பது எனக்குத் தெரிந்துபோனது. ஆனால் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. வேதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், ஒட்டுக்கேட்டாள் என்று வேலை போய்விடும். பயம். நீலா கட்டிக்கொண்டு போனாள், ஆறாம் மாதம் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து தறிக்கு நூல் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். என் மகனைத் தோளில் போட்டு வளர்த்தவள் அவள்.

இப்போது கண்ணாடி வழியாக அவள் என்னைப் பார்த்து, என்ன, என்ன என்று கையாட்டிக் கேட்டாள்.

நான் மானஸாவின் நம்பரைப் போட்டேன்.

"யெஸ், மானஸா ஹியர்."

"அம்மா, நான் காஞ்சிபுரத்துலருந்து பேசறேன், உன் மாமியாரோட சிநேகிதி. நான் சொல்றத அப்பிடியே கேளு. உடனே உன் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லு. கொழந்தைக்கு ஜாதிக்காய் ஜாஸ்தியாப் போயிடுச்சி. டாக்டர்கிட்ட நட்மெக்னு சொல்லு. நட்மெக். வயித்துக்குள்ள போயி ஒரு மணி நேரம் ஆவப்போவுது."

அந்தப் பக்கம் கடைச் சத்தம் மட்டும் கேட்டது.

"யாரு... யாரு குடுத்தா?"

"நான்."

"நீங்க காஞ்சிபுரத்துல இருக்கேன்னு சொல்றீங்க!"

"கல்லு நான் அனுப்பினது. அளவு நான் சொன்னது. அவங்க கையாலதான் குடுத்தாங்க, ஆனா குத்தம் என்துதான். திட்டறத அப்புறமாத் திட்டும்மா, மொதல்ல ஆம்புலன்ஸக் கூப்புடு!"

அவள் அலறிய அலறல் சின்னப்பையனுக்கே கேட்டிருக்கும். லைன் போய்விட்டது.

பூத்தை விட்டு வெளியே வந்தேன். நீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாமி எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கையெடுத்துக் கும்பிடக்கூடத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்து லில்லிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மகன் ஆஸ்பத்திரிக்கே ஓடினான்.

அதன்பிறகு காத்திருந்தேன். என் பேரன் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். நாலு தடவை போய் எழுப்பினேன். நாலு தடவையும் வீறிட்டு அழுதான். "என்னா அத்தை இது, தூங்கற கொழந்தைய?" என்று மருமகள் முறைத்தாள். அவளுக்கு என்ன தெரியும்? அந்த அழுகை சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வந்தது. ஹர்ஷு மூன்று மாதம்கூட ஆகாத குழந்தை. என் பெருமைக்கு ஒரு பச்சைக் குழந்தை. ஏதாவது ஆகிவிட்டால் இந்தக் கையை என்ன செய்வது, இந்த வாயை என்ன செய்வது என்றே ஓடியது. நீலா அந்தப் புதுக் கல்லை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்க் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

ஒன்பதரைக்குப் போன் அடித்தது. லில்லியின் மகன் பேசினான். "ஆன்ட்டி, ஒரு நிமிஷம்" என்று யாரிடமோ கொடுத்தான்.

"நான் மானஸா." அழுது அழுது கட்டிப்போன குரல். "கேக்குதா?"

முதலில் எதுவும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. ஊசி குத்திய கோபத்தில் ஒரு குழந்தை அடிவயிற்றிலிருந்து கத்தியது. லைனில் எத்தனையோ அழுகை கேட்டிருக்கிறேன். இப்படிக் காதில் தேன் பாய்ந்ததில்லை. நான் ரிசீவரை நீலாவின் காதில் வைத்தேன்.

"இன்னும் ரெண்டு நாள் இங்கயே வச்சிப் பாக்கணும்னாங்க" என்றாள் மானஸா. "எங்கிட்ட சொன்னதுக்கு தேங்க்ஸ். ஆனா இனிமே என் மாமியாருக்கு எழுதாதீங்க. போனும் பண்ணாதீங்க. ப்ளீஸ்."

சரிம்மா என்றேன். குழந்தையின் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. இந்திராணி. இனி காலையில் 'சாப்பிட்டியா குழலி' வராது. வராமல் போகட்டும், பிள்ளை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

"அண்ணி" என்றாள் நீலா. கல்லை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ம்."

"கண்ணால பாக்காத ஒருத்தி. அவ மருமவளுக்கு ஓடிப்போயி போன் போட்டு சொன்னியே."

"சொல்லாம எப்பிடிடி இருக்கறது?"

"எனக்கு ஏன் சொல்லல?"

அவள் தலையைத் தூக்கவில்லை.

"அந்தாளே சொன்னான் அண்ணி. கல்யாணம் ஆயி பத்தாம் நாளு. 'லைன் போட்டுக் குடுத்ததே உங்க அண்ணிதான். அவளே கண்டுக்கல, நீ இன்னா கத்தற'ன்னான்."

இருபத்து நாலு வருஷம். எனக்கு டைபாய்டு வந்தபோது பக்கத்திலேயே படுத்துக் கிடந்தாள். என் வீட்டுக்காரர் போன அன்று எனக்குப் பொட்டழிக்க வந்தவர்களைப் பிடித்துத் தள்ளினாள். அத்தனை நாளும் இதைத் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாள்.

"பயந்துட்டேன் நீலா" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

கல்லைக் கொண்டுபோய் மாடத்தில் வைத்தாள். சமையலறைக்குள் போனாள். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது, ஒன்று, பிறகு இன்னொன்று. சோற்றைப் போட்டுவிட்டு, "வா அண்ணி, ஆறிடப் போவுது" என்று கூப்பிட்டாள். எழுந்து போய் அவள் எதிரில் உட்கார எனக்கு, அந்த பூத்தில் நின்றதைவிட, பயமாக இருந்தது. போனேன்.